தீவனச் சாக்கில் வந்த சுறா

எங்கள் பக்கம் கடல் மூட்டையில் வரும். ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் கட்டிய சணல் சாக்குகள், லாரியில் ஒன்றையொன்று அமுக்கிப் பாதி தூளாகி, விடிகாலையில் எங்கள் கோழிக் கொட்டாய்க்கு முன்னால் இறங்கும். இறங்கிய நாளிலிருந்து நாலைந்து நாளைக்கு வாசலில் உட்கார்ந்து யாரும் காப்பி குடிக்க முடியாது. அப்பா மட்டும் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, சரக்கு பழசா புதுசா, மணல் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கடலை அவர் பார்த்தது பிற்பாடு, ஒரே ஒரு தடவை, திருச்செந்தூர் முருகனைக் கும்பிடப் போனபோது.

நாமக்கல் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997 ஜனவரியில்தான். மோகனூர் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில் சோளமும் நிலக்கடலையும் விட்டால் வேறு வெள்ளாமை கிடையாது. மழை பொய்த்த வருசங்களில் அதுவும் இல்லை. அந்த வறட்சிதான் ஆட்களைக் கோழிப் பக்கம் தள்ளியது. முதலில் ஓலைக் கொட்டாய், தரையில் கடலைத் தொலி பரப்பிய ஆழ்கூளம், பிறகு ஓடு, பிறகு கூண்டு. எழுபதுகளின் கடைசியில் அப்பா கொட்டாய் போட்டபோது ஊரில் அவரைத் தவிர இன்னும் இரண்டு பேர்தான் அந்தத் தொழிலில் இருந்தார்கள். இன்றைக்கு அதே சாலையில் நின்று பார்த்தால் வேலிக்கு வேலி கொட்டாய்.

தீவனம் அப்போது வீட்டிலேயே அரைத்தோம். மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல், புரதத்துக்குக் கருவாடு. கருவாட்டை அரவையில் கொட்டுவதற்கு முன் களத்தில் பரப்பிக் கல், கம்பி, நைலான் கயிறு, கட்டி உப்பு எல்லாம் பொறுக்குவது எங்கள் வேலை. நானும் தம்பியும் பொறுக்குவோம். அந்தக் குவியலில் முழு மீன் என்று அடையாளம் சொல்லும்படி இருப்பது குறைவு. காரல் பொடி, நண்டுக் கால், சிப்பி, கடல் குதிரை ஒன்றிரண்டு, கண்ணில்லாத இறால் தலைகள். ஒருநாள் அதில் ஒரு சுறா இருந்தது.

ஒரு சாண்கூட இல்லை. முதுகு சாம்பல் நிறம், வயிறு மங்கிய வெள்ளை. மூக்கு கூர்ந்து, வாய் அடியில் பிறைபோல் ஒதுங்கி, வால் மேல்பக்கம் நீண்டு, ஐந்து செவுள் வெட்டும் வரிசையாகத் தெரிந்தன. தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கியது. வாலிலிருந்து தலைக்குத் தடவினால் உப்புத்தாள் உரசுவது போல் இருந்தது. நான் ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன்.

"இது சுறாக்குட்டி கண்ணு. பெருசானா ஆளைத் தின்னும்" என்றார். வாங்கிப் பார்த்துவிட்டு அரவையில் போட்டார்.

அவர் சொன்னது சினிமாவில் வரும் சுறாவுக்குப் பொருந்தும். அந்தக் குட்டி எந்தச் சாதியாக இருந்தாலும் பெரும்பாலும் ஆளைத் தின்னும் சாதி இல்லை. நம் கரையோரத்துச் சுறாக்களில் பல இரண்டடி, மூன்றடிக்கு மேல் வளராதவை. சேறும் மணலும் கலந்த தாழ்ந்த கடலில், ஆற்று முகத்துவாரங்களை ஒட்டி, நெத்திலியும் இறாலும் கணவாயும் தின்று வாழ்பவை. மண்வெட்டி போல் தட்டை மூக்குள்ள ஒரு சாதி முக்கால் மீட்டரைத் தொடுவதே அபூர்வம். பிறக்கும்போது அதன் குட்டி ஒரு சாணுக்கும் குறைவு. பால்சுறா சாதாரணமாக ஒரு மீட்டர் அளவு. இந்தச் சின்னச் சுறாக்கள் முட்டையிட்டுவிட்டுப் போவதில்லை. தாயின் வயிற்றுக்குள் தொப்புள்கொடி போன்ற ஒரு கொடியில் குட்டி வளர்கிறது. பால்சுறாவுக்கு ஏறத்தாழ ஒரு வருசக் கர்ப்பம்; ஈற்றுக்கு ஒன்று முதல் எட்டுக் குட்டிகள், பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து. மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிடும் அதே கடலில், மனுசி மாதிரி வயிற்றில் சுமந்து, எண்ணிப் பெறுகிற மீன் இது. ஒரே வலை இரண்டையும் வாரினால் மத்தி அடுத்த பருவத்தில் எழுந்து வரும். சுறா வராது.

எங்கள் கொட்டாய்க்குச் சரக்கு கொண்டுவந்தவர்களில் ஒருவர் என் தாய்மாமா. அவர் லாரி டிரைவர். போகும்போது முட்டை அட்டை, வரும்போது ரிட்டன் லோடாக உப்போ கருவாடோ. நான் பெரிய வகுப்பு படிக்கையில் ஒரு கோடை விடுமுறையில் என்னையும் தம்பியையும் லாரியில் ராமேசுவரம் கூட்டிப்போனார். எங்களைக் கோவிலுக்கும் அழைத்துப் போவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். போனோம், தீர்த்தமும் ஆடினோம். ஆனால் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்பது துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த மணல் திட்டு. கண்ணுக்கு எட்டும் தூரம்வரை வெறும் மணலில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் வாரியலால் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் களத்தில் சோளம் புரட்டும் அதே வேகம், அதே குனிவு.

"இதெல்லாம் யாரு சாப்புடுவாங்க?" என்று கேட்டேன்.

தலையில் துண்டு கட்டியிருந்த ஒரு அக்கா சிரித்தார். "நீங்கதாம்மா. நாமக்கல்லுதானே? உங்க ஊருக் கோழிக்குத்தான் இம்புட்டும்."

அந்தக் கரையில் அதற்குச் சங்காயம் என்று பேர். விசைப்படகு மடியில் இறாலோடும் நண்டோடும் ஏறிவரும் குஞ்சும் குறுமானும், மனிதர் வாங்காத காரலும் எல்லாம் சேர்ந்தது சங்காயம். முன்காலத்தில் அதைக் கடலிலேயே தள்ளிவிட்டு வருவார்கள். படகில் இடத்தை அடைக்கும், ஐஸைத் தின்னும். உள்நாட்டில் கோழித் தீவனத்துக்கு அது விலைபோகிறது என்று ஆனபிறகு ஒரு கூடையையும் யாரும் தள்ளவில்லை.

இதை நான் பல வருசம் கழித்து முழுதாக விளங்கிக்கொண்டது ஒரு ஆய்வுக் கட்டுரையால். சோழமண்டலக் கரையின் இழுவைப் படகுகளைப் பற்றி ஆரன் சாவியோ லோபோவும் உடன் உழைத்தவர்களும் 2010இல் வெளியிட்டது. அதன் சாரம் இது: இறாலும் நல்ல மீனும் குறைந்துவிட்டால் டீசல் காசுக்குக் கட்டாமல் படகு தானே கரையில் நின்றுவிடும் என்பது பழைய கணக்கு, அப்படி நின்றால் கடலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், ஆனால் சங்காயத்துக்குக் காசு கிடைப்பதால் படகு நிற்பதில்லை. நல்ல மீன் தீர்ந்த பிறகும் சங்காயத்தின் வருமானத்தில் படகு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். எங்கள் களத்தில் அப்பா எண்ணிக் கொடுத்த நோட்டுகள் ஞாபகம் வந்தன. கடலைப் பார்க்காத ஒரு சமவெளிக்கு இவ்வளவு கை நீளம் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் எவரும் சொல்லித் தந்ததில்லை.

இதற்காகக் கோழிப்பண்ணைகளைத் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. 1989இல் சத்துணவுத் தட்டில் முதன்முதலாக முட்டை வந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதை உடனே தின்னவில்லை. கையில் உருட்டிக்கொண்டு, யார் முட்டை பெரிசு என்று ஒப்பிட்டு, கடைசி வாய்க்கு என்று வைத்திருந்தார்கள். கறியும் மீனும் பண்டிகைக்கு மட்டும் கண்ட வீடுகள் அவை. அந்த முட்டை இந்த மண்ணிலிருந்து போனது. தமிழ்நாட்டில் எத்தனையோ லட்சம் பிள்ளைகளின் எலும்பில் நாமக்கல் இருக்கிறது. அதே முட்டைக்குள் கடலும் இருக்கிறது. தீவனத்தில் கருவாடு கூடிப்போனால் முட்டையில் மீன்வாடை அடிக்கும். வியாபாரி தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். நாங்கள் அப்படித் திரும்பி வந்த முட்டைகளை வாரக்கணக்கில் தின்றிருக்கிறோம்.

மீன்தூளாக ஒரு கிலோ வேண்டுமென்றால் நாலு, ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். அந்த நாலைந்து கிலோவில் எத்தனை சாதி, எத்தனை குஞ்சு என்று எந்த ரசீதிலும் இருக்காது. "கருவாடு, இத்தனை மூட்டை." அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்து ஒரு சுறா அப்படித்தான் கணக்கில் வராமலே காணாமல் போனது. சேலத்தில் பஸ் ஏறினால் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் தாண்டிப் புதுச்சேரி. அந்த ஊரின் பேரைச் சுமந்த சுறா அது. பிரெஞ்சு விலங்கியலாளர் அஷில் வலென்சியென் அதை விவரித்தார். ஜெர்மானியர்களான முல்லரும் ஹென்லேயும் சுறா, திருக்கைகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில் 1839இல் அந்த விவரணை அச்சேறியது. அவர் பார்த்த உருப்படிகளில் ஒன்று புதுச்சேரியிலிருந்து பாடம்செய்து அனுப்பப்பட்டது. அறிவியல் பெயர் கார்கரைனஸ் ஹெமியோடான். மூன்றடி அளவுதான் வளரும். பருத்த சாம்பல் உடம்பு, நீண்டு கூர்ந்த மூக்கு. பக்கத் துடுப்புகளின் நுனியும் இரண்டாவது முதுகுத் துடுப்பின் நுனியும் வாலின் கீழ்மடலும் மையில் தோய்த்து எடுத்தாற்போல் கறுப்பு.

உலகத்து அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து அதன் உருப்படிகள் இருபதை ஒட்டித்தான் இருக்கின்றன. பாகிஸ்தான் கரையிலிருந்து இந்தியா வழியாகக் கிழக்கே நியூ கினி வரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்தவை. ஆய்வாளர் கைக்கு உறுதியாகக் கடைசியாக ஒன்று வந்தது 1979இல், இந்தியாவில். அதற்குப் பிறகு இல்லை. இலங்கையின் ஆறுகளில் பார்த்ததாகச் செய்திகள் வந்தன, உறுதிப்படவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது மிக அருகிவிட்ட இனம். உலகம் தொலைத்துவிட்டுத் தேடுகிற 25 உயிரினங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு 2017இல் பட்டியல் போட்டபோது புதுச்சேரிச் சுறாவும் அதில் இருந்தது.

1979 எனக்குச் சிலேட்டுப் பலகைக் காலம். அந்த வருசமும் சாக்குகள் வந்தன. அதற்கடுத்த வருசமும் வந்தன. நாங்கள் பொறுக்கினோம். கறுத்த நுனி உள்ள சுறாக்குட்டி ஏதாவது அந்தக் களத்தில் காய்ந்து கிடந்ததா? கிடந்திருந்தாலும் கண்டுசொல்லக் கூடியவர் அங்கே யார்? சின்னச் சுறாவின் விதி இதுதான். திமிங்கலச் சுறா செத்துக் கரை ஒதுங்கினால் ஊரே திரண்டு போய்ப் பார்க்கும், பத்திரிகையில் படம் வரும். மூன்றடிச் சுறா ஏலக்கூடையில் மற்றச் சுறாக்களோடு கிடக்கும். குட்டியாக இருந்தால் சங்காயத்தோடு மணலில் காயும்.

அறிவியல் உலகத்திலும் இது நடக்கிறது. 2019இல் தென்சீனக் கடல் பக்கத்துச் சுறா ஒன்றுக்குப் புதிதாகப் பெயர் சூட்டினார்கள். அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகளாகச் சாராயத்தில் ஊறிக்கொண்டிருந்த உருப்படிகளை வைத்துத்தான் அது தனி இனம் என்று கண்டார்கள். பேர் வைக்கும்போதே அது மறைந்த இனமாக இருக்கலாம் என்பதால், வழக்கொழிந்தது என்ற பொருளில் லத்தீன் பெயர் கொடுத்தார்கள். அதன் கடைசிப் பதிவு 1934, நம் மேட்டூர் அணை கட்டி முடித்த வருசம்.

மேட்டூர் என்றதும் மீன் ஞாபகம். எங்களுக்கு மீன் என்றால் காவிரி மீன்தான். மோகனூர்ப் பக்கம் ஆற்றில் கெளுத்தியும் கெண்டையும், மேட்டூரிலிருந்து ஐஸ் பெட்டியில் கட்லா, ரோகு. கடல் மீன் வீட்டுக்குள் வருவது கருவாடாக. சந்தைக்குச் சந்தை அம்மாயி கருவாட்டுக் கடைக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து பேரம் பேசுவார். நெத்திலி, வாளை, சென்னாக்கூனி, திருக்கை, கடைசியில் சுறா. சுறாக் கருவாட்டை மட்டும் துணியில் தனியாக முடிந்து வருவார். சுறாவின் உடம்பில் யூரியா ஊறியிருக்கும். செத்தபின் அது அமோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். மற்றதோடு சேர்த்தால் எல்லாம் அந்த வாடையாகிவிடும். யூரியா, அமோனியா என்ற பேரெல்லாம் அம்மாயிக்குத் தெரியாது. தனியாக முடிய வேண்டும் என்பது தெரியும்.

எனக்கு முதல் பிள்ளை பிறந்தது சேலத்தில், அம்மா வீட்டிலிருந்து போய். மூன்றாம் வாரம் மாமா கடலூர்ப் பக்கம் போன லாரியில் சொல்லிவைத்துப் பச்சைப் பால்சுறா வாங்கிவரச் செய்தார். அது கருவாடல்ல, ஐஸில் வந்தது. முழங்கை நீளத்தில் மூன்று. அம்மா மஞ்சள் போட்டு வேகவைத்து, மேல்தோலைச் சுரண்டி, உதிர்த்து, ஈரம் போகப் பிழிந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துப் புட்டாக்கினார். முள் கிடையாது. சுறாவுக்கு எலும்பே இல்லை, முழுக்கக் குருத்தெலும்பு. அதனால் பிள்ளை பெற்றவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். "பால் ஊறும், தின்னு சாமி" என்று அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்.

அந்தப் புட்டின் ருசிக்கு நான் எதிரி இல்லை. அம்மாயியின் அக்கறைக்கு நான் என்ன சொல்லிவிட முடியும்? ஆனால் பால் ஊறுவது பிள்ளை வாய்வைத்து உறிஞ்ச உறிஞ்சத்தான். தாய்க்கு வேண்டியது வயிறு நிறைந்த சாப்பாடும் தண்ணீரும் தூக்கமும். அதோடு, சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால் கடலில் கலக்கும் பாதரசம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் பட்டியலில் சுறா இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக யாருக்காக நாம் இதைத் தேடி வாங்கினோமோ, அவர்களுக்குத்தான் இதைக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். இதை என் மகள் கர்ப்பமாக இருந்தபோது வீட்டில் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு முருங்கைக்கீரையும் பூண்டும் வாங்கிவரச் சொன்னார்.

சுறா என்றால் துடுப்புக்காகத்தான் பிடிக்கிறார்கள், சீனாவில் சூப்புக்குப் போகிறது என்பது நம்மில் பலர் கேட்டிருக்கும் கதை. அதற்கு இந்திய அரசு 2013இல் துடுப்பை உடம்போடு சேர்த்தே கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. 2015இல் துடுப்பு ஏற்றுமதியைத் தடுத்தது. நல்லதுதான். ஆனால் சின்னச் சுறாவின் துடுப்பில் சூப்புக்கு என்ன இருக்கிறது? அதன் கறிதான் விலை. அந்தக் கறி வெளிநாட்டுக்குப் போவதில்லை. நம் ஊர்ச் சந்தைக்கும் நம் உணவகங்களுக்கும் வருகிறது. இந்திய உணவகங்களின் உணவுப் பட்டியல்களை அலசிய ஓர் ஆய்வில் சுறாக் கறி அதிகம் தென்பட்ட மாநிலங்களில் கோவாவும் தமிழ்நாடும் முன்னால் நின்றன. நெடுஞ்சாலை ஓட்டல்களின் பலகையில் சுறா புட்டு என்று எழுதியிருப்பதைச் சேலத்திலேயே பார்க்கிறேன். பால்சுறா இன்று சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனம். இதற்குச் சீனாவைக் கைகாட்டித் தப்பிக்க நமக்கு வழியில்லை.

நம் சமவெளிக்கும் சுறாவுக்கும் உறவு லாரி வந்தபிறகு உண்டானதும் அல்ல. பள்ளிக்கூடத்தில் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். 18 மீட்டருக்கும் நீளமான கல்மரம் ஓடைக்குள் படுத்துக் கிடக்கிறது. புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டு உலகுக்குச் சொன்னது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் ஏறியிருந்தது, மரங்கள் மிதந்துவந்து புதைந்து கல்லாயின என்று ஆசிரியர் சொன்னார். பக்கத்தில் காரை என்ற ஊரின் வெடித்த செம்மண் ஓடைகளில் இன்றும் சிப்பியும் நத்தையும் கல்லாய்க் கிடைக்கின்றன. அந்தப் படிவுகளில் சுறாப் பல்லும் உண்டு. நாமக்கல்லிலிருந்து கிழக்கே முசிறி, துறையூர் வழியாகப் போனால் அரைநாளைக்குள் ஒரு பழைய கடலின் தரையில் நிற்கலாம். எலும்பில்லாத மீன் என்பதால் உடம்பு மிஞ்சாது. பல் மட்டும் மிஞ்சும்.

இங்கே ஒரு வியப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் புதைபடிவங்கள் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். புதுச்சேரிப் படிவுகளில் இருந்த மீன் எச்சங்களை எகர்டன் என்பவர் 1845இல் விவரித்தார். அந்தச் சில ஆண்டுகளுக்குள்தான் வலென்சியென் உயிரோடிருந்த புதுச்சேரிச் சுறாவுக்குப் பேர் வைத்ததும். கோடிக்கணக்கான ஆண்டு பழைய மீனும் அன்றைய கடலின் மீனும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே ஊரின் பேரால் நூலேறின. பழைய மீனைத் தேடி இன்றும் பாறையைத் தட்டினால் ஏதாவது கையில் வரும். புதியது 1979க்குப் பிறகு வரவில்லை.

பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டுக் கடல் தெய்வம் ஏறிய இடமாக வழிபட்ட காட்சி வருகிறது. கல்லூரியில் தமிழம்மா அதை நடத்தியபோது, கொம்புள்ள சுறா எப்படி இருக்கும் என்று படம் வரைந்து காட்டினார். மூக்கு ரம்பமாக நீண்ட வேளா மீன் அது. நம் கரையில் அதுவும் இப்போது கண்ணில் படுவதே அரிது. சாமியாகக் கும்பிட்டதையும் நாம் விட்டுவைக்கவில்லை. பேர் தெரியாததையும் விட்டுவைக்கவில்லை.

சட்டம் வந்தது. காலம் தாழ்ந்து வந்தது. 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் எல்லாவற்றையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். மீனவர்கள் கொதித்தார்கள், அதில் நியாயம் இருந்தது, வலைக்குள் வருவதை யாரும் சாதி கேட்டு நிறுத்த முடியாது. டிசம்பரில் அதைப் பத்து இனங்களாகச் சுருக்கினார்கள். அந்தப் பத்தில் புதுச்சேரிச் சுறா ஒன்று. முதல் அட்டவணை, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காப்பு. அது கடைசியாகக் கிடைத்து 22 ஆண்டு கழிந்திருந்தது. இல்லாத மீனுக்குக் காவல் போட்டோம். இருக்கிற சின்னச் சுறாக்களுக்கு நம் மாநிலத்தில் இருப்பது கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடையும் வலைக்கண் விதியும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு நிற்கும். ஏறத்தாழ ஒரு வருசம் குட்டியைச் சுமக்கிற மீனுக்கு இரண்டு மாத நிம்மதி. மடியின் கண்ணைச் சுருக்கிக் கட்டுகிறவர்களைக் கரையில் பிடிப்பது கடினம். சுருக்கிப் பிடித்த குஞ்சுக்கு வாங்குகிற ஆள் இல்லாமல் போனால், சுருக்கிக் கட்டுவதற்கே காரணம் இருக்காது. வாங்குகிற ஆட்கள் நாம்.

அப்பா இப்போது இல்லை. கொட்டாயைத் தம்பி பார்க்கிறான். கருவாட்டுச் சாக்கு இறங்குவது எங்கள் பண்ணையில் நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. சோயாப் புண்ணாக்கும் ஆலைத் தீவனமும் வந்தபின் பல பண்ணைகள் மீனைக் குறைத்துவிட்டன, சில அறவே விட்டுவிட்டன. முட்டை குறையவில்லை. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மீன் இல்லாமல் புரதக் கணக்கைச் சரிக்கட்டும் வித்தை இங்கே யாருக்கும் புதிதில்லை. முடியும் என்பதைக் காட்டியவர்கள் இந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். ஆனால் கடற்கரையில் மீன்தூள் ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, மணலில் சங்காயம் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னும் யாரோ வாங்குகிறார்கள்.

பண்ணை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன்தூள் வாங்கத்தான் வேண்டும் என்றால், அது வெட்டிக் கழித்த தலையிலும் குடலிலும் ஆனதா, முழுக் குஞ்சுகளில் ஆனதா என்று ஆலைக்காரரைக் கேளுங்கள். கேட்கிறவர் பத்துப் பேர் ஆனால் அவர் பதில் வைத்திருந்தே ஆகவேண்டும். சந்தைக்குப் போகும் அம்மாக்களும் அத்தைமார்களும் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா தேட வேண்டாம். மேட்டூர்க் கட்லாவும் நெத்திலியும் போதும். கருவாட்டுக் கடையில் கையளவுச் சுறாக்குட்டிகளைக் கூறுகட்டி வைத்திருந்தால் அதை வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதையும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.